ஒரு நூல் மாறி முடிந்தால்

கல்லடியில் எங்கள் பக்கத்து வீட்டு மாமியின் மகனுக்கு நாட்பட்ட மைலோயிட் லியூக்கேமியா என்ற குருதிப் புற்றுநோய். குளிசை குடித்துக்கொண்டே பல வருடம் வேலைக்கும் போய்வந்தவர். போன மாதம் என்பு மச்சைப் பரிசோதனையில் நிறமூர்த்தங்களில், அதாவது கலத்துக்குள் பரம்பரையலகுகளைச் சுமக்கும் இழைகளில், புதிய மாற்றங்களைக் கண்ட டொக்டர், கூடப்பிறந்தவர்களை அடுத்த கிளினிக்குக்குக் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார். "முந்தியும் நிறமூர்த்தத்தில பிழை எண்டுதானே சொன்னவங்க மகன், இப்ப என்ன புதுசா?" என்று மாமி கேட்டார்.

முந்திய பிழையிலிருந்து தொடங்குவோம். 1960 இல் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்ட் இருவரும் இந்த நோயாளரின் கலங்களில் வழமையைவிடக் குட்டையான ஒரு நிறமூர்த்தத்தைக் கண்டார்கள்; அந்த நகரின் பெயரால் அது பிலடெல்பியா நிறமூர்த்தம் எனப்படுகிறது. 9 ஆம், 22 ஆம் நிறமூர்த்தங்கள் துண்டுகளை மாற்றிக்கொண்டதால் வந்த குறை அது என்று 1973 இல் ஜேனட் ரோலி காட்டினார். மருதமுனைத் தறியில் அறுந்த பாவு நூலைப் பக்கத்து நூலோடு மாறி முடிந்துவிட்டால், அந்தப் பிழை துணி நெடுகிலும் ஓடுமல்லவா? அதுபோலத்தான் இதுவும். மாறி ஒட்டிய இடத்தில் பிறக்கும் நொதியம், "பெருகு, பெருகு" என்று கலத்துக்கு ஓயாமல் கட்டளையிடுகிறது. 2001 இல் பாவனைக்கு வந்த இமாட்டினிப் குளிசை அதன் வாயை அடைக்கிறது. இந்த நிறமூர்த்தப் பிழை பெற்றோர் கொடுத்த குறை அல்ல; மாமி இதை நம்பவே வெகுநேரம் பிடித்தது.

சரி, புதுசு என்ன? அந்த நொதியம் கட்டளையோடு நிற்பதில்லை. கலத்துக்குள் தீவிர ஒட்சிசன் மூலக்கூறுகளைப் பெருக்கி டீஎன்ஏ இழைகளை அறுக்கிறது. அறுந்ததைச் சரியாகப் பொருத்தும் வேலையையும் கெடுக்கிறது. குளிசையை இடையில் நிறுத்தினாலோ, குளிசைக்கு நோய் மசியாமல் போனாலோ, இந்த அறுப்பு தொடரும். ஆய்வுகூடத்தில் மச்சைக் கலங்களின் பிரிவை நடுவில் நிறுத்தி, சாயமேற்றி, வழக்கமாக 20 கலங்களில் நிறமூர்த்தங்களை எண்ணிப் பார்ப்பார்கள். நோய் முற்றும்போது அடிக்கடி தென்படுபவை: 8 ஆவது நிறமூர்த்தம் ஒன்று மேலதிகமாக, 19 ஆவது ஒன்று மேலதிகமாக, பிலடெல்பியா நிறமூர்த்தமே இரண்டாவது பிரதியாக. பிரதி இரட்டித்தால் கட்டளையும் வலுக்கும்.

என்னை அதிகம் கலங்கவைப்பது 17 ஆவது நிறமூர்த்தத்தில் வரும் மாற்றம். அதன் இரு பக்கக் கரங்களில் குட்டைக் கரம் தொலைந்து, நீண்ட கரமே கண்ணாடி விம்பம்போல இருபுறமும் நிற்கும். பழுதான கலத்தைப் பெருகவிடாமல் தடுக்கும் பீ53 என்ற காவல் பரம்பரையலகு அந்தக் குட்டைக் கரத்தில்தான் இருக்கிறது. 17 ஆவது சோடியாக இருப்பதால், இரண்டு காவலரில் ஒருவர் போய்விட்டார் என்று மாமிக்குச் சொன்னேன்.

இப்படிச் சேரும் மாற்றங்களால் கலங்கள் முதிர மறந்து, முதிராக் கலங்களாகவே குருதியில் நிரம்பும். சிலருக்கு அந்த நெருக்கடி வருமுன்னரே மாற்றங்கள் தெரிந்துவிடும். அப்படித் தெரிவது பெரிய உதவி. குளிசையை மாற்றலாம், மச்சை மாற்றுச் சிகிச்சைக்கும் ஆயத்தமாகலாம். அதற்கு இழையப் பொருத்தம் வேண்டும். ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த ஒவ்வொருவரும் முழுமையாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. மாமிக்கு இன்னும் மூன்று பிள்ளைகள். இளையவள் அக்கரைப்பற்றிலிருந்து வந்துவிட்டாள்.