பத்து மிளகும் பகைவன் வீடும்

"பத்து மிளகு இருந்தால் பகைவன் வீட்டிலும் உண்ணலாம் என்கிறார்களே, மிளகு நிஜமாகவே விஷத்தை முறிக்குமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இரண்டு வரியில் பதில் எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். படிக்கப் படிக்கக் கதை வேறு பக்கம் திரும்பிவிட்டது.

மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. 1492இல் கொலம்பஸ் அங்கே போய் இறங்கும்வரை, நம் பக்கத்தில் காரத்துக்கு மிளகும் திப்பிலியும்தான். மேற்குத் தொடர்ச்சி மலையில் படர்ந்த மிளகுக் கொடியின் மணிகள் எகிப்து வரை போயிருக்கின்றன. கி.மு. 1213இல் இறந்த மன்னன் இரண்டாம் ராம்சேஸின் பதப்படுத்திய உடலில், மூக்குக்குள் மிளகு இருந்தது. யவனர்கள் பொன்னோடு வந்து 'கறி'யோடு திரும்பியதை அகநானூறு சொல்கிறது. அன்றைக்குக் கறி என்றால் மிளகு. கி.பி. 408இல் ரோம் நகரை வளைத்துக்கொண்ட கோத் இனத் தலைவன் அலாரிக், தங்கம் வெள்ளியோடு 3,000 பவுண்டு எடை மிளகும் கொடுத்தால்தான் நகருவேன் என்றான்.

இத்தனை ஆர்ப்பாட்டத்துக்கும் காரணமான மூலக்கூறின் பெயர் பைப்பரின். 1819இல் அதைப் பிரித்தெடுத்தவர் டென்மார்க்கின் ஆர்ஸ்டெட். ஆமாம், மின்சாரம் பாய்ந்தால் காந்த ஊசி அசையும் என்று கண்டாரே, பள்ளிக்கூடத்துப் பாடத்தில் வரும் அதே ஆர்ஸ்டெட்தான். சூட்டை உணரும் நரம்புகளைப் பைப்பரின் தட்டி எழுப்புவதால் நாக்கு எரிகிறது. அது எல்லாருக்கும் தெரிந்த கதை. குடலுக்குள் நடப்பதுதான் எனக்குப் பிடித்த கதை.

நாம் விழுங்கும் அந்நியப் பொருள்களில் பல எண்ணெய்ப் பசை உள்ளவை, தண்ணீரில் லேசில் கரையாதவை. கரையாததைச் சிறுநீரில் வெளியே தள்ள முடியாது. அதனால் குடல் சுவரிலும் கல்லீரலிலும் இருக்கும் சில நொதிகள், சர்க்கரையிலிருந்து வந்த குளுக்குரோனிக் அமிலம் என்ற வாலை அவற்றின்மேல் ஒட்டிவிடுகின்றன. வால் ஒட்டியதும் பொருள் தண்ணீரில் கரையும், பித்தத்திலோ சிறுநீரிலோ வெளியேறிவிடும். மஞ்சளில் உள்ள குர்குமினுக்கு நேர்வது இதுதான். உள்ளே நுழைவதற்குள் வால் ஒட்டி அனுப்பிவிடுகிறார்கள்.

பைப்பரின் இங்கேதான் குறுக்கே விழுகிறது. வால் ஒட்டும் நொதியை மந்தமாக்குகிறது. அது போதாதென்று, ஒட்டுவதற்கு வேண்டிய குளுக்குரோனிக் அமிலத்தின் வரத்தையும் குறைக்கிறது என்று ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. தபால் நிலையத்தில் முத்திரை குத்துபவரையும் தூங்கவைத்து, மைப்பெட்டியையும் ஒளித்துவைத்தது போல. 1998இல் பெங்களூரில் நடந்த ஒரு சோதனையில், 2 கிராம் குர்குமினை மட்டும் சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் அது அநேகமாகத் தென்படவே இல்லை. கூடவே 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது, உடம்பில் சேர்ந்த அளவு 2,000 சதவீதம் கூடியது.

20 மில்லிகிராம் என்றால் எத்தனை மிளகு? சமையலறைத் தராசில் நூறு மணிகளை எண்ணிப் போட்டேன். 5 கிராம் சொச்சம். மிளகில் பைப்பரின் ஏறக்குறைய 5 சதவீதம் என்று வைத்தால், பத்து மணிகளில் 25 மில்லிகிராம். பழமொழியின் எண்ணிக்கையே வந்து நிற்கிறது! தற்செயல்தான், ஆனாலும் சிரித்துவிட்டேன். உடனே மஞ்சளும் மிளகும் எல்லா நோயையும் தீர்க்கும் என்று கிளம்பிவிட வேண்டாம். 2 கிராம் குர்குமினுக்குக் கிட்டத்தட்ட 60 கிராம் மஞ்சள்தூள் வேண்டும். தவிர, ரத்தத்தில் சேர்வது வேறு, நோய் தீர்வது வேறு.

உருப்படியான பயன் வேறு இடத்தில் இருக்கிறது. திரிகடுகத்தில் சுக்கோடு மிளகும் திப்பிலியும் ஏன் சேர்கின்றன என்று துருவிய ஜம்மு அரசு ஆய்வகத்தின் வேலை, காசநோய் மாத்திரையில் போய் முடிந்தது. பைப்பரின் சேர்த்ததால் அதில் ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்தை 450இலிருந்து 200 மில்லிகிராமாகக் குறைக்க முடிந்தது. பழமையின் பெருமை பேசும் மேடைகளுக்கு ஆகும் செலவில் கொஞ்சத்தை இப்படிப்பட்ட ஆய்வகங்களுக்குத் திருப்பினால் எவ்வளவோ நடக்கும் என்பது என் ஆதங்கம்.

ஆனால் நொதிக்கு நல்லது கெட்டது தெரியாது. வலிப்புக்குச் சாப்பிடும் ஃபெனிடோயின் மருந்தின் அளவும் பைப்பரினோடு சேர்ந்தால் ரத்தத்தில் ஏறுகிறது. தினமும் மாத்திரை சாப்பிடுபவர்கள் பைப்பரின் கலந்த சத்து மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் தொடாமலிருப்பது நல்லது. சமையலில் போடும் மிளகுக்கு அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை.

அப்புறம், வாசகரின் கேள்வி. வெளியேற்றும் வேலையை மிளகு தாமதப்படுத்துகிறது என்றால், நஞ்சும் உள்ளேயே கூடுதல் நேரம் தங்கலாம். பழமொழிக்கு நேர் எதிர்! ஆனால் பூஞ்சை பிடித்த நிலக்கடலையில் வரும் அஃப்ளடாக்சின் போன்ற சில நஞ்சுகள், கல்லீரல் நொதிகள் கைவைத்த பிறகுதான் கொடியதாகின்றன. அந்த நொதிகளையும் பைப்பரின் தடுப்பதால், செல் சோதனைகளில் பாதிப்பு குறைந்திருக்கிறது. ஆக, பகைவன் என்ன நஞ்சு வைத்திருக்கிறான் என்பதை முதலில் அவனிடமே கேட்டுக்கொண்டு, அதற்கப்புறம் மிளகை வாயில் போடலாம்.