அவகாடோ விதையைக் குவளைத் தண்ணீரில் வளர்க்காதீர்கள்

மறுபடியும் அவகாடோ விதைதான். சிங்கப்பூர் செங்காங்கில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, பதினான்காவது மாடி. வீட்டில் இரண்டு பேருக்கு அடுத்தடுத்து டெங்கி. பூந்தொட்டி கிடையாது, வாளியில் தண்ணீர் பிடித்து வைக்கும் பழக்கம் கிடையாது, குளியலறைத் தரைகூடக் காய்ந்து கிடக்கிறது. இவ்வளவு சுத்தமான வீட்டில் கொசுப்புழுவை எங்கே போய்த் தேடுவது என்று யோசித்தபடி சமையலறைச் சன்னலைப் பார்த்தேன். பல் குத்தும் குச்சிகள் மூன்று செருகிய விதை ஒன்று கண்ணாடிக் குவளையின் வாயில் உட்கார்ந்திருந்தது. டார்ச் அடித்தேன். வெளிச்சம் பட்டதும் மேலே தொங்கிக்கொண்டிருந்த புழுக்கள் நெளிந்து நெளிந்து அடிக்கு ஓடின.

அந்த வீட்டு டெங்கிக்கு அந்தக் குவளைதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். கொசு அடுத்த வீட்டிலிருந்தும் வரலாம், கீழே இருக்கும் காப்பிக்கடையிலிருந்தும் வரலாம். ஆனால் பூச்சிக் கட்டுப்பாட்டு வேலையில் இந்தக் குவளையைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. யாரோ காணொளியில் காட்டுகிறார்கள், பிள்ளைகள் பள்ளியிலிருந்து ஆசையோடு வருகிறார்கள், அம்மா ஒரு குவளையை எடுத்துக் கொடுக்கிறார். தவறான ஆசை இல்லை. தவறான பாத்திரம்.

“தம்பி, இது ஃபில்டர் தண்ணீர். இதில் எப்படிக் கொசு வரும்?” எல்லா வீட்டிலும் முதல் கேள்வி இதுதான். சாக்கடையில் வளர்வது வேறு கொசு. டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் தேடுவது உங்கள் குவளையில் இருப்பது போன்ற தெளிந்த, அசையாத தண்ணீரை. இருபது காசு நாணயம் அளவுக்குத் தேங்கியிருந்தாலே அதற்குப் போதும். அவகாடோ விதை இன்னொரு உதவியும் செய்கிறது: சில நாளில் தோல் ஊறி, தண்ணீர் பழுப்பாகி, அதில் நுண்ணுயிர்கள் பெருகும். புழுவுக்கு அதுதான் சாப்பாடு. விதை குவளையின் வாயை அடைத்திருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். விதையைச் சுற்றி இடைவெளியே இல்லை என்றால் குச்சி எதற்கு?

அடுத்த பதில்தான் என் பொறுமையை அதிகம் சோதிக்கிறது. “நான்தான் தினமும் தண்ணீர் ஊற்றுகிறேனே!”

ஊற்றுவது வேறு, மாற்றுவது வேறு. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் படித்தவர்கள், பொறியாளர்கள், ஆசிரியர்கள் எல்லாரும் இதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். பெண் ஏடிஸ் பெரும்பாலும் முட்டையைத் தண்ணீருக்குள் இடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமாக இருக்கும் உள்சுவரில் ஒட்டி வைக்கிறது. மிளகுத்தூள் தூவியது போலச் சின்னக் கறுப்புப் புள்ளிகள்; கண்ணாடி போடுகிறவர்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. அங்கே அது காத்திருக்கிறது. நீங்கள் மறுநாள் வந்து, குறைந்த தண்ணீரை விளிம்பு வரை நிரப்புகிறீர்கள். முட்டை நனைகிறது, பொரிக்கிறது. அதாவது, ‘தினமும் ஊற்றுகிறேன்’ என்று நீங்கள் பெருமையாகச் சொல்லும் அந்த வேலை கொசுவுக்குச் செய்யும் பிரசவ உதவி. பொரித்த புழு, நம் ஊர் வெயிலில் ஒரு வாரம் பத்து நாளில் இறக்கை முளைத்துப் பறந்துவிடும். அவகாடோ விதையில் வேர் எட்டிப் பார்க்கவே பல வாரம் ஆகும். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, முழுத் தண்ணீரையும் கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடித்தால்? அதுவும் போதாது. சுவரில் ஒட்டிய முட்டை கொட்டும் தண்ணீரோடு போகாது. நன்றாகக் காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஸ்பாஞ்ச் எடுத்து உள்சுவரை அழுத்தித் தேய்க்க வேண்டும். விதையின் அடிப்பாகத்தையும் வேரையும் குழாயில் காட்டிக் கழுவ வேண்டும். இரண்டு நாளுக்கு ஒருமுறை இதைத் தவறாமல் செய்வேன் என்பவர்கள் செய்யலாம். செய்பவர்களை நான் இன்னும் அதிகம் சந்திக்கவில்லை.

மாடி விஷயமும் ஒன்று உண்டு. உயரத்துக்குக் கொசு வராது என்று நம்பித்தான் பலர் மேல்மாடி வீட்டில் கவலையே இல்லாமல் இருக்கிறார்கள். சிங்கப்பூரில் நடந்து 2004இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 21 மாடிக் கட்டடத்தின் நடுமாடியில் விட்ட ஏடிஸ் கொசுக்கள் மேலும் கீழும் சிரமமில்லாமல் பரவின. லிஃப்டிலும் வரும். அதற்கு மாடி எண் தெரியாது.

2020இல் கொவிட்டால் நாம் வீட்டுக்குள் அடைந்து கிடந்த இரண்டு மாதத்தில், வீடுகளிலும் தாழ்வாரங்களிலும் கண்டுபிடிக்கப்பட்ட ஏடிஸ் புழுக்கள் அதற்கு முந்தைய இரண்டு மாதத்தைவிட ஐந்து மடங்கு என்று தேசிய சுற்றுப்புற வாரியம் சொன்னது. அந்த ஆண்டு டெங்கி எண்ணிக்கை 35,000ஐத் தாண்டியது. 2022இல் மறுபடி 32,000க்கு மேல். ஒருமுறை வந்தால் இனி வராது என்றும் இருக்காதீர்கள்; டெங்கிக் கிருமியில் நான்கு வகை உண்டு.

இப்போது விதைக்கு வருவோம். அவகாடோவுக்குக் குவளை தேவையே இல்லை. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்து மரம் அது. அங்கே மண்ணில் விழுந்துதான் முளைக்கிறது. சதையைக் கழுவி எடுங்கள். தட்டையான பக்கம் கீழே, கூரான பக்கம் மேலே இருக்கும்படி, அடியில் ஓட்டை உள்ள தொட்டியில் பாதி விதை வெளியே தெரிய நடுங்கள். மண் பொலபொலவென்று இருக்கட்டும். சொதசொதவென்று இருந்தால் வேர் அழுகும். வேர் வருவதைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும் என்று பிள்ளை அடம்பிடித்தால், ஈர டிஷ்யூவில் சுற்றி, ஜிப் பை ஒன்றில் போட்டு, காற்றுப் போகாமல் மூடி அலமாரியில் வையுங்கள். டிஷ்யூ ஈரமாக இருந்தால் போதும், பையில் தண்ணீர் நிற்கக் கூடாது. வாரம் ஒருமுறை பிரித்துப் பார்க்கலாம். விரல் நீளத்துக்கு வேர் விட்டதும் மண்ணுக்கு மாற்றிவிடுங்கள். தண்டு 15 செண்டிமீட்டர் வந்ததும் பாதியாகக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை விடும். பழத்துக்குக் காத்திருக்காதீர்கள். விதையிலிருந்து வரும் மரம் காய்க்கவே பல ஆண்டு ஆகும், தொட்டியில் காய்க்காமலே போகலாம், காய்த்தாலும் நீங்கள் சாப்பிட்ட பழம் மாதிரி இருக்கும் என்று சொல்ல முடியாது. இலைக்காக வளர்த்தால் அழகான செடி.

தொட்டிக்குக் கீழே தட்டு வைக்காதீர்கள். தரை நனையும் என்றால் வையுங்கள், ஆனால் தண்ணீர் ஊற்றிய கையோடு தட்டைக் கவிழ்த்துத் துடையுங்கள். மேல்மண் இறுகினால் அதன்மேலும் தண்ணீர் தேங்கும். ஒரு குச்சியால் கிளறிவிடுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு, அதே சன்னலில் பக்கத்திலேயே கண்ணாடிப் புட்டியில் மணி பிளான்ட் இருக்கும். அதையும் மண்ணுக்கு மாற்றுங்கள். அப்புறம், நம் வீடுகளில் மட்டும் இன்னொரு இடம் பார்ப்பேன்: சாமி மேடை. செம்பில் வைத்த தண்ணீர், பூ மிதக்கும் உருளி. பூ வாடினால் பூவை மட்டும் எடுத்துவிட்டுப் புதுப்பூ போடுகிறோம். தயவுசெய்து தண்ணீரையும் மாற்றுங்கள், உள்பக்கத்தைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். அங்கே டார்ச் அடிக்க எனக்கே கூச்சமாக இருக்கிறது, ஆனால் அடித்துத்தான் ஆக வேண்டும்.

வாரிய அதிகாரி கதவைத் தட்டினால் குவளையை சிங்க் அடியில் ஒளிக்காதீர்கள். அபராதம் உண்டுதான், ஒரே வீட்டில் பல இடத்தில் புழு இருந்தால் 2020 ஜூலை 15 முதல் இன்னும் கடுமை. ஆனால் ஒளித்த குவளையில் வளர்வது முதலில் கடிக்கப்போவது உங்கள் பிள்ளையைத்தான். புழுவைப் பார்த்துவிட்டால் சாக்கடையில் ஊற்றாதீர்கள், அங்கேயும் தண்ணீர் நின்றால் பிழைத்துக்கொள்ளும். காய்ந்த தரையில் கொட்டுங்கள், அல்லது சோப்புத் தண்ணீர் கலந்து வைத்துவிட்டு அப்புறம் கொட்டுங்கள்.

ஜூன் விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் குவளை, புட்டி, செம்பு எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, கழிவறைக் கோப்பையை மூடிவிட்டுக் கிளம்புங்கள். டெங்கி அதிகமாகும் காலமும் அதுதான். அவகாடோ தொட்டிக்குத் தண்ணீர் ஊற்ற அடுத்த வீட்டு அக்காவிடம் சொல்லிவிட்டுப் போங்கள். தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன் என்றும் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நல்ல மனதோடு அவரே ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிடுவார்.