ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவி: கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை

அரச வைத்தியசாலையில் அதிதீவிர சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. இருந்தும் திருகோணமலையில் அந்தப் பிரிவின் வாசலில் காத்திருக்கும் குடும்பங்கள் நகையை அடகு வைப்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். கையிருப்பில் இல்லாத மருந்து, வெளியே செய்யச் சொல்லும் பரிசோதனை, கண்டிக்கோ கொழும்புக்கோ மாற்றினால் கூட நிற்பவரின் தங்குமிடம், சாப்பாடு என்று பணம் கரைகிறது. வேறு வைத்தியசாலைக்கு மாற்றும்போது தனியார் அம்புலன்ஸைப் பிடிக்காதீர்கள். வைத்தியசாலை வாகனத்தை வாட்டிலேயே கேளுங்கள். 1990 இலவச அம்புலன்ஸ் சேவை வீட்டிலிருந்தோ வீதியிலிருந்தோ நோயாளியை ஏற்றுவதற்கானது.

வசதி குறைந்தவர்களுக்கு ஜனாதிபதி நிதியம் உதவுகிறது. இருதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று, புற்றுநோய் போன்றவை அதில் அடங்கும். முழுச் செலவையும் அது தராது. 2025 பெப்ரவரி முதல் விண்ணப்பத்தை உங்கள் பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம். மூதூர்க்காரர் மூதூரில், வெருகல்காரர் வெருகலில். கொழும்புக்குத்தான் போக வேண்டும் என்று யாராவது சொன்னால் பஸ் ஏறாதீர்கள். முடித்துத் தருவதாகச் சொல்லும் தரகருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

பலர் தோற்பது காலத்தில். சத்திரசிகிச்சை முடியட்டும், பிறகு பார்ப்போம் என்று இருந்துவிடுகிறார்கள். திகதி கிடைத்த அன்றே படிவத்தை எடுங்கள். மருத்துவப் பகுதியைச் சிகிச்சை செய்யும் விசேட வைத்திய நிபுணரிடமே நிரப்புவித்து, கையொப்பமும் முத்திரையும் வாங்குங்கள். நோயாளியைக் கண்டிக்கு அனுப்பினால் வெற்றுப் படிவமும் கூடப் போகிறவரின் பையில் இருக்கட்டும். இல்லாவிட்டால் இங்கே கேட்டால் அங்கே என்பார்கள், அங்கே கேட்டால் இங்கே என்பார்கள். அந்த அலைச்சலில் நோயாளி துண்டு வெட்டி வீட்டுக்கே வந்துவிடுவார்.

அடுத்த பொறி பெயர். அவசரத்தில் அனுமதிக்கும்போது காதில் விழுந்தபடி எழுதிவிடுகிறார்கள். அடையாள அட்டையில் ஒன்று, கிளினிக் கொப்பியில் ஒன்று, வங்கிப் புத்தகத்தில் இன்னொன்று. ஓர் எழுத்துக்காகக் கோப்பு திரும்பி வரும். நோயாளி வாட்டில் இருக்கும்போதே திருத்தச் சொல்லுங்கள். பிறகு திருத்த ஆள் தேடி அலைய வேண்டிவரும்.

கிராம உத்தியோகத்தர் தரும் வருமானக் கடிதத்தில் இன்னும் கவனம் வேண்டும். கடற்றொழிலாளி என்றால் மீன் படும் பருவத்து வருமானத்தை வைத்துக் கணக்குப் போடுவது வழக்கமாகிவிட்டது. கடலுக்குப் போக முடியாத மாதங்களையும் சேர்த்துச் சராசரியை எழுதும்படி அவரிடம் சொல்லுங்கள். அவர் அலுவலகத்தில் இருக்கும் நாளை முன்பே விசாரித்துக்கொண்டு போங்கள். கூட்டத்துக்குப் போய்விட்டார் என்ற பதிலுக்காகக் கிண்ணியாவிலிருந்தும் குச்சவெளியிலிருந்தும் கூலி நாளை இழப்பது அநியாயம்.

மூலப் பற்றுச்சீட்டு எதையும் பிரதி எடுக்காமல் கொடுக்காதீர்கள். விண்ணப்பத்தை ஒப்படைத்ததும் திகதியிட்ட பற்றுச்சீட்டையும் கோப்பு இலக்கத்தையும் கேட்டு வாங்குங்கள். தமிழும் அரசகரும மொழி. சிங்களத்தில் மட்டும் கடிதம் வந்தால் தமிழில் தரும்படி எழுதிக் கேளுங்கள்.

கோப்பு மேலே போயிருக்கிறது என்ற பதிலே திரும்பத் திரும்ப வந்தால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். கேட்பவரின் உயிர் சம்பந்தப்பட்ட தகவலென்றால் 48 மணித்தியாலம். ஆகவே நோயாளியால் கையொப்பமிட முடிந்தால் கோரிக்கை அவர் பெயரிலேயே போகட்டும்.