டிக்கெட் கொடுக்கும் இடத்தில் காடு தொடங்குவதில்லை

காலை ஐந்தே முக்கால் மணி. இலங்கை மலைநாட்டின் ஹோர்ட்டன் சமவெளிப் பூங்காவில், பட்டிப்பொலப் பக்கத்து நுழைவாயிலில் வான்கள் வரிசையாக நிற்கின்றன. கொழும்பிலிருந்து இரவோடிரவாக வந்த ஒரு குடும்பத்தை அன்று நான் அழைத்துப் போக வேண்டும். பின் இருக்கையில் இருந்த பாட்டியின் மடியில் இரண்டு இறாத்தல் பாண். பசியாற எடுத்து வந்தது என்று நினைத்தேன். "இது நமக்கில்லை தம்பி, மானுக்கு" என்றார்.

விடுமுறைக் காலத்தில் மாதம் இரண்டு தடவையாவது இதைக் கேட்கிறேன். பாண் இல்லையென்றால் வாழைப்பழம், அதுவும் இல்லையென்றால் பிஸ்கட். ஒருவர் ஒரு பை நிறையப் பணிஸ் கொண்டு வந்திருந்தார்.

நான் சுற்றுலா வழிகாட்டி. ஹோர்ட்டன் சமவெளிக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். 16 ஆண்டுகளாக ஆட்களை மேலே கூட்டிப்போய், பத்திரமாகக் கீழே கூட்டிவருகிறேன். எங்கே நின்றால் படம் நன்றாக வரும் என்பதை யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். நான் பாணைப் பற்றிச் சொல்கிறேன்.

பாட்டி மான் என்று சொன்னது மரையை. தமிழ்நாட்டில் கடமான் என்பார்கள். வளர்ந்த ஆண் மரை இருநூறு கிலோவைத் தாண்டும். அசை போடும் விலங்கு. அதன் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள்தாம் புல்லை மெதுவாக நொதிக்க வைத்து உணவாக்குகின்றன. அந்த இடத்தில் பாணும் பணிஸும் போய் விழுந்தால் மாவுச்சத்து வேகமாகப் புளித்து அமிலமாகிறது. மாடு வளர்த்தவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். சோற்றை அளவில்லாமல் தின்ற பசு வயிறு ஊதிப் படுத்துவிடுவதைப் பார்த்திருப்பார்கள். பாணைச் சுற்றிய பொலித்தீன் இன்னும் மோசம். உப்பும் இனிப்பும் ஒட்டிய உறையை மரை உறையென்று பார்ப்பதில்லை, விழுங்கிவிடுகிறது. அது செரிக்காது, வெளியேயும் வராது. வயிறு நிறைந்த உணர்வோடு விலங்கு பட்டினி கிடந்து சாகிறது. இறந்த மரைகளின் வயிற்றிலிருந்து பொலித்தீன் எடுக்கப்பட்டதுண்டு. நுழைவாயிலில் வனஜீவராசிகள் திணைக்கள ஊழியர்கள் உங்கள் பையைத் திறந்து, பிஸ்கட் உறையைக் கழற்றி, தண்ணீர்ப் போத்தலில் சுற்றிய லேபலைக்கூட உரித்தெடுப்பது இதனால்தான். அந்த நேரத்தில் முகம் சுளிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். தொழில் தர்மம் கருதிச் சிரிப்பேன்.

பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்பார்கள். இங்கே பாத்திரம் மரையின் வயிறு.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சமவெளியில் எல்லோரும் போய் நிற்கும் அருவிக்கு பேக்கர் நீர்வீழ்ச்சி என்று பெயர். அந்தச் சாமுவேல் பேக்கர் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்த மேட்டில் வேட்டை நாய்களை விட்டு மரைகளைத் துரத்தி, கத்தியால் குத்திக் கொன்றவர். வாகனங்கள் நிறுத்தும் இடத்தில் இருக்கும் ஃபார் இன் கட்டடமும் அந்தக் காலத்து வேட்டைக்காரர்கள் தங்கிய விடுதிதான், இப்போது அருங்காட்சியகம். அன்று அதே இடத்தில் துரைமார் துப்பாக்கியோடு நின்றார்கள், இன்று நாம் பாணோடு நிற்கிறோம்.

நடையைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சுற்றுப்பாதை ஏறக்குறைய 9 கிலோமீட்டர். தரை கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேல். தை, மாசியில் விடியற்காலையில் புல்லின்மேல் உறைபனி வெள்ளையாகப் பூத்திருக்கும். செருப்போடு வருபவர்களுக்கு நான் அனுதாபம் காட்டுவதில்லை. உலக முடிவு என்று சொல்லப்படும் மலை விளிம்புக்குக் காலை ஒன்பது மணிக்குள் போய்ச் சேர வேண்டும். பிறகு கீழேயிருந்து மூடுபனி எழுந்து எல்லாவற்றையும் மூடிவிடும். மலை அங்கே 800 மீட்டருக்கு மேல் செங்குத்தாக இறங்குகிறது. 2015இல் நெதர்லாந்துக்காரர் ஒருவர் மனைவியைப் படம் எடுப்பதற்காகப் பின்னால் அடியெடுத்து வைத்துத் தவறி விழுந்தார். ஒரு மரம் தாங்கியதால் பிழைத்தார். மரம் எல்லா இடத்திலும் இல்லை.

பெரிய விலங்கைத் தேடுபவர்கள் சின்னதைத் தவறவிடுகிறார்கள். மூக்கில் வெள்ளைக் கொம்பு முளைத்த ஓணான் ஒன்று பாதையோரப் பாசி மரங்களில் இருக்கும். இலங்கையின் மலைநாட்டைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. மெதுவாக நகரும் பிராணி என்பதால் கையில் எடுத்துப் படம் பிடிக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். இந்தக் காட்டுத் தேவாங்கு பல பத்தாண்டுகளாகக் கண்ணில் படாமல், அழிந்துவிட்டது என்றே கருதப்பட்டு, 2010இல்தான் அதன் புகைப்படங்கள் வெளியாயின. நானே அதைப் பார்த்ததில்லை. நெலு என்று சிங்களத்தில் சொல்லப்படும் செடிகள் நம் குறிஞ்சியின் உறவு. அவற்றில் சில 12 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் பூக்கும். இதற்கு நேர்மாறாக, எல்லோரும் ஆசையாகப் பக்கத்தில் நின்று படம் எடுக்கும் அந்த மஞ்சள் பூ முட்புதர் இந்த மண்ணுக்குரியதே அல்ல. வெள்ளைக்காரர் காலத்தில் வந்து சேர்ந்து, புல்வெளியைத் தின்றுகொண்டிருக்கிறது. வண்டியில் ஏறுமுன் சப்பாத்தைத் தட்டி மண்ணை உதறுங்கள். விதை அப்படித்தான் ஊர் விட்டு ஊர் போகும்.

ஹோர்ட்டன் சமவெளி 1988இல் தேசிய பூங்காவானது. பரப்பு ஏறக்குறைய 3,160 ஹெக்டேயர். 2010இல் சிவனொளிபாதமலைக் காட்டோடும் நக்கிள்ஸ் மலைத்தொடரோடும் சேர்த்து யுனெஸ்கோ இதை உலக மரபுரிமையாக அறிவித்தது. இந்த எண்களைச் சொல்லும்போது ஆட்கள் மரியாதையாகத் தலையாட்டுவார்கள். பூங்காவுக்குள் ஒரு மிட்டாய் உறையைக்கூடப் போடமாட்டார்கள். திரும்பும் வழியில், வாயிலைத் தாண்டி ஐந்தாவது வளைவில், சோற்றுப் பார்சலை வானின் ஜன்னல் வழியாக வீசுவார்கள். எல்லைதான் முடிந்துவிட்டதே!

எல்லை நமக்குத்தான். மூடுபனி மேகக் காட்டு இலைகளிலும் பாசியிலும் படிந்து, மழையே இல்லாத நாளிலும் சொட்டுச் சொட்டாக மண்ணில் இறங்குகிறது. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் இங்கிருந்து நீர் போகிறது. சிறுவயதில் எங்கள் லயத்துப் பீலியில் வாய் வைத்துக் குடித்த தண்ணீரும் அந்த மேட்டிலிருந்து வந்ததுதான். 1873இலேயே ஜோசப் ஹூக்கர் என்ற தாவரவியலாளர், 5,000 அடிக்கு மேலுள்ள காட்டை வெட்டக் கூடாது என்று ஆலோசனை சொல்லியிருக்கிறார். அது இல்லாதிருந்தால் சமவெளியின் ஓரங்களும் தேயிலையாகியிருக்கும்.

வீசிய சோற்றுப் பார்சலுக்கு வருகிறேன். அதைத் தேடி முதலில் தெரு நாய் வரும், பிறகு காட்டுப் பன்றி வரும். பன்றி வந்த வழியில் அப்படியே இறங்கி லயத்துக்குப் பின்னால் இருக்கும் மரக்கறித் தோட்டத்தை ஓர் இரவில் உழுதுவிட்டுப் போகும். கடன் வாங்கிக் கிழங்கு போட்டவன் சும்மா இருப்பானா? தேயிலைக்கும் காட்டுக்கும் நடுவில் கம்பிச் சுருக்கு வைப்பான். அந்தக் கம்பி பன்றிக்கென்று வைத்தது, ஆனால் பன்றியையும் நாயையும் தேடி வரும் சிறுத்தைக்கும் அதே வழிதான். சுருக்கு இடுப்பில் விழும். இழுக்க இழுக்க இறுகும். வெளியே ஒரு கீறல்தான் தெரியும், உள்ளே எல்லாம் நசுங்கியிருக்கும். அதனால்தான் உயிரோடு மீட்கப்பட்டவையும் பெரும்பாலும் பிழைப்பதில்லை. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் அப்படிச் சிக்கிய கருஞ்சிறுத்தை, உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும் சில நாட்களில் இறந்தது. மலைநாட்டில் கருஞ்சிறுத்தை இருக்கிறது என்று பலருக்குத் தெரிந்ததே அதன் சாவால்தான்.

சுருக்கு வைப்பவரை மட்டும் திட்டிவிட்டுப் போவது எனக்கு ஒப்பவில்லை. பன்றியைக் கூப்பிட்டவர்களில் வானில் போனவர்களும் உண்டு, குசினிக் கழிவை லயத்தின் பின்னால் கொட்டும் நாங்களும் உண்டு. கழிவைப் புதைத்தால் நாய் குறையும், நாய் குறைந்தால் சிறுத்தை லயம் வரை வராது. என் அம்மா கொழுந்து எடுத்த காலத்தில், காட்டோர மலையில் இறங்குமுன் பெண்கள் உரக்கப் பேசி, செடியைத் தட்டிச் சத்தம் கொடுத்துவிட்டுத்தான் இறங்குவார்கள். ஆள் வருவது தெரிந்தால் சிறுத்தை தானாக விலகிவிடும்.

இரண்டு வருடங்களுக்கு முன் எங்கள் தோட்டத்தில் தேயிலைத் தூரடியில் இரண்டு சிறுத்தைக் குட்டிகள் கிடந்தன. பூனைக்குட்டி என்று ஒரு பெண் தூக்கவே போய்விட்டார். கங்காணி தடுத்து, அந்த மலையில் வேலையை நிறுத்தி, எல்லோரையும் வேறு மலைக்கு அனுப்பிவிட்டுத் திணைக்களத்துக்குச் சொன்னார். வந்தவர்கள் குட்டிகளைத் தொடவில்லை. ஆட்களை மட்டும் விலக்கி வைத்தார்கள். மறுநாள் காலையில் குட்டிகள் இல்லை. இரவில் தாய் வந்து எடுத்துப்போயிருந்தது.

அன்றைய குடும்பத்தோடு சுற்றி முடித்துத் திரும்பியபோது மணி பதினொன்று. பாட்டியால் நடக்க முடியாதென்று வானிலேயே விட்டுப் போயிருந்தோம், பாணோடு. தூரத்திலிருந்தே பார்த்தேன்: ஓர் ஆண் மரை வானை ஒட்டி நின்று, கண்ணாடியில் மூக்கை வைத்து ஆவி படிய மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ஜன்னல் இறுக மூடியிருந்தது. உள்ளே பாட்டி பாணைப் பிய்த்துச் சீனிச் சம்பலோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரு துண்டுகூடக் கொடுக்கவில்லை தம்பி" என்றார் கதவைத் திறந்ததும். "ஆனால் அது பார்க்கிற பார்வையில் எனக்குத்தான் தொண்டையில் இறங்க மாட்டேன் என்கிறது."