தற்காப்பு: ‘சுயபாதுகாப்பு’ ஏன் பொருந்தாது

‘எதிரி சுயபாதுகாப்புக்காகவே கொலை செய்ததாகச் சட்டத்தரணி வாதம்.’ யாழ்ப்பாண மேல் நீதிமன்றத்தில் நடக்கும் கொலை வழக்குச் செய்திகளைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு இந்த வரி பழக்கமானது. (குற்றம் சாட்டப்பட்டவரை எதிரி என்பது எங்கள் நீதிமன்றத் தமிழ்.) ஒரே வரியில் இரண்டு பிழைகள்.

சரியான சொல் தற்காப்பு. தன் + காப்பு. ‘தற்கொலை’ புணர்ந்தது போலவே புணர்ந்தது. ‘தற்காத்துத் தற்கொண்டாற் பேணி’ என்று குறளிலேயே இருக்கிறது. ‘சுய’ வடமொழி வரவு. தற்கொலையைச் ‘சுயகொலை’ என்று எழுத எவருக்கும் கை வராது. தற்காப்பை மட்டும் ஏன் கைவிட்டார்கள்?

வடசொல் என்பது மட்டுமல்ல என் கோபம், பொருளே கெடுகிறது. கதவைப் பூட்டுவதும் தலைக்கவசம் அணிவதும் சுயபாதுகாப்புத்தான். நீதிமன்றம் எடைபோடுவதோ, தாக்குதலைத் தடுக்க அந்த வேளையில் செய்த ஒரு செயலை. எல்லை வேலித் தகராறில் ஒருவர் கத்தியோடு பாய்கிறார், மற்றவர் கையிலிருந்த மண்வெட்டியால் அடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த அடி தற்காப்பாகலாம். கத்தி கீழே விழுந்து, பாய்ந்தவர் திரும்பி ஓடும்போது பின்மண்டையில் விழுந்த அடி? வழக்கே அந்த இரண்டாவது அடியைச் சுற்றித்தான் நடக்கும். காயம் முன்னாலா பின்னாலா என்று சட்ட வைத்திய அதிகாரியை இரு தரப்பும் துருவுவது இதற்காகத்தான். ‘பாதுகாப்பு’ என்று எழுதிவிட்டால் இந்த எல்லை அழிந்துவிடும். ஓடுபவன் நாளைக்குத் திரும்பி வருவான் என்று இன்றைக்கே தீர்த்துக்கட்டுவதும் அந்தச் சொல்லுக்குள் அடங்கிவிடுகிறதே!

பிறர் உடலையும் சொத்தையும் காப்பதும் சட்டப்படி இந்தத் தற்காப்பு உரிமைக்குள் வருகிறது. தம்பியை வெட்ட வந்தவனை அண்ணன் அடித்தாலும் அதைக் கோரலாம். ஆகவே ‘தன்’ போதாது என்பவர்கள் உண்டு. நியாயமான தடைதான். ஆனால் ‘சுய’வும் ‘தன்’ என்பதைத்தானே குறிக்கிறது? வெறும் ‘காப்புரிமை’ என்றால் நூலுக்கும் கண்டுபிடிப்புக்கும் உள்ள உரிமையோடு குழம்பும். ‘தற்காப்பு உரிமை’ என்றே இருக்கட்டும்.

அடுத்த பிழை ‘கொலை செய்ததாக’. இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை, 89ஆம் பிரிவில், இந்த உரிமையின்படி செய்த எதுவும் குற்றமாகாது என்கிறது. நல்லெண்ணத்தோடு செயற்பட்டு எல்லை மீறியிருந்தால்கூட, 294ஆம் பிரிவின் விதிவிலக்கு அதைக் கொலைக்குற்றத்திலிருந்து இறக்கிவிடும். தீர்ப்புக்கு முன்பே ‘கொலை’ என்று எழுதுபவர், எதிரி மறுக்கும் குற்றத்தை அவர் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைக்கிறார். ஓர் ஆளின் உயிரும் மானமும் தொங்கும் இடத்தில், செய்தியை மொழிபெயர்ப்பவர்கள் அகராதியில் கைக்கு அகப்பட்ட முதற்சொல்லோடு எழுந்துவிடுகிறார்கள்.

‘தற்காப்பு உரிமையின்படியே எதிரி தாக்கினார், அதனால் மரணம் நேர்ந்தது எனச் சட்டத்தரணி வாதம்’ என்று எழுதலாம். பத்திரிகையில் ஒரு வரி கூடும், அவ்வளவுதான்.