நிதித் தேக்கம் அல்ல, நல்கைப் பிடிப்பு

உள்ளாட்சி நிதியைப் பற்றித் தமிழில் யார் பேசினாலும் ‘நிதித் தேக்க விளைவு’ என்ற தொடர் வந்து விழுகிறது. சென்னைக் கருத்தரங்குகளில் காதில் விழுந்துகொண்டே இருந்தது; இப்போது அண்ணாநகரில் குரூப் 1 தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளின் குறிப்பேட்டிலும் ஏறிவிட்டது. ‘பிளைபேப்பர் எஃபெக்ட்’ என்பதற்குத் தமிழாம். பொருளையே தலைகீழாகப் புரட்டிவிடும் தமிழ் இது.

மூலச்சொல்லின் கதை சின்னது. ஈ பிடிக்கப் பசை தடவி வைக்கும் தாள்தான் பிளைபேப்பர்; அதில் உட்கார்ந்த ஈ எழுந்து பறக்க முடியாது. அதுபோலப் பணமும் விழுந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்கிறது என்று அமெரிக்கப் பொருளியலாளர் ஆர்தர் ஓக்கன் சொன்னதாகக் குறிப்பிடுவார்கள். 1979இல் கூரண்ட், கிராம்லிச், ரூபின்ஃபெல்ட் மூவரும் எழுதிய கட்டுரைக்குப் பிறகு பெயர் நிலைத்துவிட்டது.

ஒட்டுவது எது, எங்கே என்பதுதான் விஷயம். ஓர் ஊர் மக்களின் வருமானம் 100 ரூபாய் கூடினால், உள்ளாட்சிச் செலவுக்கென்று அவர்கள் விட்டுக்கொடுப்பது ஐந்தோ பத்தோதான். அதே 100 ரூபாயை மேல் அரசு நிபந்தனை எதுவும் போடாமல் மாநகராட்சிக்குக் கொடுத்தாலும் அது அந்த மக்களின் பணம்தானே? அப்படியானால் மாநகராட்சி வரியைக் குறைத்து, பெரும்பகுதியை அவர்களிடமே விட்டுவிட வேண்டும். கோட்பாடு அப்படித்தான் சொல்கிறது. நடப்பது வேறு. ஹைன்ஸ், தேலர் இருவரும் 1995இல் அமெரிக்க ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அந்த 100இல் 25 முதல் ஏறக்குறைய முழுத்தொகை வரை உள்ளாட்சிச் செலவாகவே போயிருந்தது.

செலவாகவே போயிருந்தது என்பதைக் கவனியுங்கள். தேங்கினால் ஓடவில்லை என்று பொருள். மழை விட்டபிறகு வேளச்சேரித் தெருவில் நிற்கும் தண்ணீர் தேக்கம். மேசையில் நகராமல் கிடக்கும் கோப்பும் தேக்கம். ‘ஒதுக்கிய நிதி தேங்கிக் கிடக்கிறது’ என்று நாளிதழில் வந்தால், அதிகாரிகள் செலவே செய்யவில்லை என்றுதான் எவரும் படிப்பார்கள். இங்கேயோ பணம் சாலையாக, வடிகாலாக, தெருவிளக்காக, சம்பளமாகச் செலவாகித் தீர்ந்துவிட்டது. வரி கட்டுபவர் கைக்குத் திரும்பவில்லை, அவ்வளவுதான். ஒரு கவுன்சிலரிடம் ‘உங்கள் மாநகராட்சியில் நிதித் தேக்க விளைவு இருக்கிறது’ என்று சொன்னால், செலவாகாத திட்டம் எது என்று தேடப் போவார். செலவாகாமல் கிடக்கும் நிதி இன்னொரு நோய், அதற்குத்தான் தேக்கம் என்ற சொல் வேண்டும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் இரண்டையும் பேச முடியாமல் போகும்.

இன்னொரு கட்சி ‘ஈத்தாள் விளைவு’ என்கிறது. குறளில் ‘ஈத்துவக்கும் இன்பம்’ படித்த காதுக்கு ஈத்தாள் என்றால் ‘கொடுத்தாள்’. சரி, அதை விட்டுவிட்டாலும், பணத்தைப் பற்றிய பாடத்தில் ஈ எங்கிருந்து வந்தது என்று மாணவர் திகைப்பார். உவமையைத் தூக்கி வருவது மொழிபெயர்ப்பல்ல. உவமை செய்த வேலையைத் தமிழில் செய்து காட்ட வேண்டும்.

நான் எழுதுவது ‘நல்கைப் பிடிப்பு’. நல்கை என்பது ‘கிராண்ட்’, மேல் அரசு கீழ் அரசுக்குத் தரும் பணம். மண்ணின் ஈரப்பிடிப்பு எல்லோரும் அறிந்தது. பாய்ச்சிய நீரை அந்த வயலே பிடித்துக்கொண்டு அங்கேயே பயிராக்குகிறது. பக்கத்து வயலுக்கு விடுவதில்லை. பிடிப்பு என்றால் வீணாகக் கிடப்பதல்ல.

‘கிராண்ட்’ என்பதை மானியம் என்று ஏன் எழுதவில்லை? மதிப்பு என்ற பொருளுள்ள வடசொல்லடியாக வந்து, கோயிலுக்கும் ஊர்ப்பணியாளருக்கும் விட்ட இறையிலி நிலத்துக்குப் பெயரானது மானியம். இன்று சிலிண்டருக்கும் உரத்துக்கும் மானியம், சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை, பல்கலைக்கழக மானியக் குழு என்று ஒரே சொல் எல்லாவற்றையும் சுமக்கிறது. விலையைக் குறைக்கத் தருவதற்கு மட்டும் அது இருக்கட்டும். ஓர் அரசு இன்னோர் அரசுக்குத் தருவது நல்கை. பழந்தமிழ் வினையான ‘நல்கு’ தந்த சொல், ஆய்வு நல்கை என்று ஏற்கெனவே புழங்குகிறது.

மொழிபெயர்ப்பாளர்கள் வரிவருவாய்ப் பகிர்வையும் மானியம் என்று எழுதுவது எனக்குத் தாங்கவில்லை. தமிழக அரசின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் உள்ளாட்சிகளுக்குப் போகிறதே, அது மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரையில் வரும் பங்கு. யாரும் இரங்கிப் போட்டதல்ல. அதேபோல, மத்தியில் அமைந்த 15ஆவது நிதி ஆணையம் சென்னை போன்ற பெருநகரங்களுக்குப் பரிந்துரைத்தது நிபந்தனையுள்ள நல்கை: மூன்றில் ஒரு பங்கு காற்றுத் தூய்மைக்கு, மீதி குடிநீருக்கும் துப்புரவுக்கும். சொன்ன இனத்தில் செலவானதைப் பிடிப்பு என்று காட்ட முடியாது. நல்கை வந்தால் வரி குறையும் என்று கோட்பாடு சொல்ல, இந்த ஆணையமோ சொத்துவரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவித்தால்தான் நகரங்களுக்கு நல்கை என்றது. 2022இல் தமிழக அரசு சொத்துவரியை உயர்த்தியபோது சொன்ன காரணங்களில் அதுவும் ஒன்று.

மேலிருந்து வருவது நின்றால் என்ன ஆகும் என்ற கேள்விக்கும் இந்தச் சொல் வளைந்துகொடுக்கும். 1980களில் அமெரிக்க மைய அரசு நல்கையைக் குறைத்தபோது, கீழ் அரசுகள் சொந்த வரியைக் கூட்டிச் செலவைக் காப்பாற்றின என்று கிராம்லிச் எழுதினார். நல்கை போயும் பிடிப்பு விடவில்லை என்று அதைத் தமிழில் சொல்லிவிடலாம். தேக்கத்தை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது?