வயதான பொமரேனியன் இருமினால் நெஞ்சைப் பாருங்கள்

சென்ற வாரம் சத்துவாச்சாரியிலிருந்து பதினொரு வயதுப் பொமரேனியன் ஒன்றைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். நாக்கு நீலம் பாய்ந்திருந்தது. முன்னங்கால்களை அகட்டி, கழுத்தை நீட்டி மூச்சுக்குத் தவித்தது. படுக்க வைத்தால் உடனே எழுந்துகொண்டது. ஐந்து மாதமாக இரவில் இருமியிருக்கிறது. “சளிதான் என்று நினைத்து இருமல் மருந்து கொடுத்தோம் டாக்டர்.” இந்த மாதத்தில் இதே பதிலை நான்காவது முறையாகக் கேட்கிறேன்.

ஆக்சிஜன் கொடுத்து, நீர் பிரியும் ஊசி போட்டு, மூச்சு தணிந்த பிறகு மறுநாள் எக்கோ (இதயத்தைத் திரையில் காட்டும் ஸ்கேன்) பார்த்தோம். இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே கதவுபோல் இருப்பது மைட்ரல் வால்வு. மெல்லிய சவ்வாக இருக்க வேண்டிய அதன் இதழ், நுனியில் கடுகு ஒட்டியதுபோல் உருண்டு தடித்திருந்தது. துடிப்புக்குத் துடிப்பு அது மேலறைப் பக்கம் சரிய, ரத்தம் பின்னோக்கிப் பீறிடுவது திரையில் வண்ணமாகத் தெரிந்தது. இடது மேலறை, பெருந்தமனியைப் போல் 2.3 மடங்கு. 1.6 வந்தாலே வீக்கம்தான்.

எக்கோ என்றதும் நம் ஊரில் வரும் முதல் கேள்வி, “அடைப்பா டாக்டர்? ஆஞ்சியோ செய்ய வேண்டுமா?” வேலூர் ஆஸ்பத்திரிகளின் ஊர், யாருக்காவது துணையாக இதயப் பிரிவு வாசலில் காத்திருக்காதவர்கள் குறைவு. ஆனால் அந்தக் கணக்கை நாய்க்குப் போடாதீர்கள். நாய்களுக்கு இதய ரத்தக்குழாய் அடைப்பு மிக அரிது. சிறிய இனங்களுக்கு வயது ஏற ஏற வால்வு கெட்டு ரத்தம் கசிகிறது. கொழுப்பைக் குறைத்தாலும் வால்வு சீராகாது. ஈ.சி.ஜி. நன்றாக இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடவும் வேண்டாம். அது துடிப்பின் ஒழுங்கைச் சொல்லும், கசிவைக் காட்டாது. ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் இரைச்சலை வைத்துக் கசிவை ஊகிக்கலாம், அறை எவ்வளவு வீங்கியிருக்கிறது என்பதை அளக்க முடியாது. நுரையீரலில் நீர் கோத்திருக்கிறதா என்பதற்கு எக்ஸ்ரேயும் வேண்டும். மூச்சுக்குழல் தளர்ந்தும் இந்த நாய்கள் இருமும் என்பதால் நாங்கள் இரண்டையும் கேட்கிறோம்.

அளவு ஏன் முக்கியம்? இதயம் பெரிதாகி, மூச்சுத்திணறல் இன்னும் வராத நாய்களுக்குப் பிமோபென்டான் என்ற இதய மருந்தைக் கொடுத்தால் இதயச் செயலிழப்பு சுமார் 15 மாதம் தள்ளிப்போகும் என்று 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த வாய்ப்புதான் இருமல் மருந்து பாட்டிலோடு கரைந்துபோகிறது. எக்கோவுக்குப் பெரும்பாலும் மயக்க மருந்து தேவையில்லை. பக்கவாட்டில் படுக்க வைத்து, கொஞ்சம் முடி மழித்து, ஜெல் தடவுவோம். நீங்கள் தலையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தால் போதும்.

சித்திரை வெயிலில் எந்த நாயும் இரைக்கும். அதனால் அசந்து தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள். மார்பு ஏறி இறங்கினால் ஒன்று. நிமிடத்துக்கு 30ஐத் தாண்டி, மறுபடி எண்ணியும் குறையவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நீர் மாத்திரையால் வீடெல்லாம் நனைகிறது என்று தண்ணீர்க் கிண்ணத்தை ஒளித்துவைக்காதீர்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கருவாடு, ஊறுகாய்ச் சோறு கூடவே கூடாது. தடுப்பூசிக்கு வரும்போது நெஞ்சையும் கேட்கச் சொல்லுங்கள், தயவுசெய்து.

அந்தப் பொமரேனியன் வீடு திரும்பிவிட்டது. வீட்டம்மா ராத்திரி மூச்சை எண்ணித் தினசரிக் காலண்டர் தாளில் குறித்து அனுப்புகிறார். நேற்று 26.